அட்வான்ஸ் மொட்டை

அம்மாவிடம் பொய் சொல்லாத பிள்ளை உலகத்தில் கிடையாது. ஓவர்டைம் என்று சொல்லலாம். கூட்டாளிக்கு ஆபரேஷன் என்று சொல்லலாம் (என் கூட்டாளி ஒருவனுக்கு இந்த வகையில் குடல்வாலை இரண்டு தடவை எடுத்திருக்கிறோம்). ஆனால் சாமியை இழுத்து மட்டும் பொய் சொல்லவே கூடாது. மற்ற பொய்களை அம்மா நம்பிவிட்டு வீட்டிலேயே இருப்பார். சாமி சமாச்சாரம் என்றால் கூடவே கிளம்பி வந்துவிடுவார். இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. கிள்ளானிலிருந்து கிளந்தான் மாநிலத்துக் குவாலா கிராய் வரைக்கும் ஒரு கிழட்டுக் காரில் போய், தலைமுடியைக் கொடுத்து வாங்கி வந்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்கு அலுவலகத்தில். காலையிலும் சாயங்காலமும் கொமுட்டர் ரயில். அந்த ரயிலில்தான் மேகலா வந்தாள். ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். கையில் எப்போதும் கலர் கலராக மணிலா அட்டைச் சுருள். கூட்டத்தில் அது நசுங்காமல் இருக்க நான் வாங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இரண்டு வருடப் பழக்கத்தில் அவளுக்காக நான் செய்த மகத்தான காரியம் அதுதான். சாயங்காலம் ரயில் ஏறுவதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் நின்று ஆளுக்கு இரண்டு வடை சாப்பிடுவோம். அவள் பச்சை மிளகாயை எடுத்து என் தாளில் வைப்பாள், நான் தின்பேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற பெண்தானே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பிறகு அவளுக்குப் போஸ்ட்டிங் வந்தது.

"எங்கே?"

"குவாலா கிராய்."

"குவாலா சிலாங்கூர் பக்கமா?"

"கிளந்தான் லா, மக்கு."

அவள் போன பிறகு ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்க ஆரம்பித்தது. இரண்டு கையும் சும்மா இருந்தது. உட்கார்ந்து வசதியாகப் போவதில் இவ்வளவு வேதனை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வடைக்காரர் ஒரு நாள், "தங்கச்சி எங்க தம்பி, ஆளையே காணோம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து வேறு தெருவில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

போனில் பேசுவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாடகை வீட்டுக் கூரை, ஆற்றில் தண்ணீர் ஏறியது, இறங்கியது, எல்லாம் சொல்லுவாள். வெள்ளிக்கிழமை பக்கத்தில் ஒரு சின்ன முருகன் கோவிலுக்குப் போவதாகச் சொல்லுவாள். ஒரு திங்கட்கிழமை மெசேஜ் வந்தது. "அம்மா ஈப்போல ஒரு இடம் பாத்துருக்காங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பதில் சொல்லணுமாம். நீ என்ன சொல்றே?"

நீ என்ன சொல்றே! இதைப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். புத்தியுள்ளவன் அங்கிருந்தே போன் போட்டு, "வேணாம்னு சொல்லு, நான் இருக்கேன்" என்று நாலு வார்த்தையில் முடித்திருப்பான். எனக்கோ இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா என்று ஒரு ரோஷம். நேரில் போக வேண்டும், காரில் போக வேண்டும், ஆற்றங்கரை ஓரமாக அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். "ஞாயித்துக்கெழம காலையில வரேன். நேர்ல பேசணும்" என்று பதில் போட்டேன். "ஞாயித்துக்கெழம இங்க ஸ்கூல் உண்டு, லீவு போட்டுடறேன். கார்லயா? ஐயோ, அந்தக் கார்லயா?" என்று கேட்டாள்.

அந்தக் கார்தான். நாட்டிலேயே சின்ன கார். மூன்றாவது கையாக நான் வாங்கும்போதே அதற்கு ஓட்டுப் போடுகிற வயது. சிவப்பு என்று பத்திரத்தில் இருந்தது, வெயிலில் வெளுத்துத் தக்காளிச் சட்னி நிறத்துக்கு வந்திருந்தது. ஏர்கோனைப் போட்டால் மேடு ஏறாது. மேடு ஏற வேண்டுமானால் ஏர்கோனை அணைத்துவிட்டு, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து மனதால் தள்ள வேண்டும்.

அடுத்து அம்மா. கல்யாணம் ஆகாத பையன் கல்யாணம் ஆகாத பெண்ணைப் பார்க்க ஒரு ராத்திரி தங்கிப் போகிறேன் என்று எங்கள் வீட்டில் சொல்ல முடியாது. அதனால் சமையலறை வாசலில் நின்று, "சனிக்கெழம குவாலா கிராய் போறேன்மா" என்றேன்.

"அங்க எதுக்குடா?"

"ஒரு முருகன் கோவில் இருக்கு. வேண்டுதல்."

கரண்டி நின்றது. நான் கோவிலுக்குப் போவதே தைப்பூசத்தன்று மோர் குடிக்கத்தான். "என்ன வேண்டுதல்?" என்று அம்மா கேட்டார்.

அர்ச்சனை என்று சொல்லியிருக்கலாம், சில வெள்ளிச் செலவோடு போயிருக்கும். பால்குடம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு தூரம் போவதற்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று என் நாக்கு அதுவாகவே முடிவு செய்துகொண்டது. "மொட்டை" என்றேன்.

"என்ன நடந்துச்சுன்னு மொட்டை?"

"இன்னும் நடக்கலம்மா. சொன்னா பலிக்காது."

"நடக்கிறதுக்கு முன்னாடியேவா? முருகனுக்கே அட்வான்ஸா?" என்றவர், அடுத்த நிமிடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணக்கு வேறு. போய்ப் பார்த்துவிட்டு, 'முடி எடுக்கிற ஆள் வரலம்மா' என்று சொல்லி முழுத் தலையோடு திரும்பிவிடலாம். அதற்குள் அம்மா போனை எடுத்துச் சுங்கை பூலோவில் இருக்கும் பெரியம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். "அக்கா, பிள்ளைக்கு நல்ல புத்தி வந்துருச்சு. கெளம்பு."

சனிக்கிழமை விடிந்தபோது காருக்குள் நான், அம்மா, பெரியம்மா, பெரியப்பா. அது போக ரைஸ் குக்கர், முறுக்கு டின், அபிஷேகச் சாமான், பெரியம்மாவின் தலையணை. நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார்கள். நசுங்கியது மூன்றுதான், நாலாவது உருண்டு சாக்கடையில் விழுந்தது. "அது ஒண்ணுமில்ல" என்றார் பெரியப்பா. பெரியப்பா ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் இன்ஜின் பற்றி எல்லாம் தெரியும் என்று அவரே சொல்லுவார்.

நான் இரண்டு நாள் முன்னால்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நல்ல கடையாகப் பார்த்து முடி வெட்டியிருந்தேன். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே கொஞ்சம் அலையாக விட்டு, மேகலாவுக்காகவே செய்தது. "நாளைக்கு எடுக்கப்போற முடியை இன்னைக்கு எவனாவது வெட்டுவானா?" என்று பெரியம்மா பின்சீட்டிலிருந்து கேட்டார். முருகனுக்குக் கொடுப்பது நல்ல முடியாக இருக்க வேண்டாமா என்றேன். அம்மாவுக்கு மறுபடியும் கண்ணீர் வந்துவிட்டது.

காராக் ஹைவேயின் ஏற்றத்தில், லோரிகளெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போன இடத்தில், போனட்டிலிருந்து புகை வந்தது. ஓரம் கட்டினேன். ரேடியேட்டரில் பொட்டுத் தண்ணீர் இல்லை. காரில் இருந்த குடிதண்ணீரைப் பெரியம்மா மாத்திரைக்கும், மாத்திரையால் வந்த தாகத்துக்கும் குடித்து முடித்திருந்தார். மிச்சம் இருந்த திரவங்கள் ரசம், அபிஷேகப் பால், பன்னீர். பெரியப்பா மூன்றையும் மோந்து பார்த்தார்.

"பன்னீரை ஊத்து."

"சாமிக்கு வாங்குனதுங்க அது!" என்றார் பெரியம்மா.

"சாமிகிட்ட போய்ச் சேரணுமா வேணாமா?"

சூடு ஆறியதும் பாட்டில் பாட்டிலாகப் பன்னீரை ஊற்றினோம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது. காரின் மூக்கிலிருந்து வந்த ஆவி அப்படியே கல்யாண மண்டப வாசல். பெந்தோங் பெட்ரோல் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிறுத்தியபோது ஒரு மலாய்க்கார அக்கா, எந்தக் கடையில் வாங்கிய வாசனை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ரவூப்பில் டுரியான் பழ சீசன். வேண்டாம் என்று நான் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு சாக்கு ஏறியது. குவா மூசாங்கில் சாயங்காலம் ஒரு மலிவு ஹோட்டலில் அறை போட்டோம். டுரியானை உள்ளே விடமாட்டோம் என்றார்கள், அதனால் அது ராத்திரி முழுக்கக் காருக்குள்ளேயே தூங்கியது. நான் படியில் உட்கார்ந்து மேகலாவுக்கு மெசேஜ் போட்டேன். "காலையில கோவிலுக்கு வா. அம்மாவும் பெரியம்மாவும் கூட வந்துருக்காங்க. பயப்படாதே, எல்லாம் சரியா வரும்."

நீண்ட நேரம் கழித்து, "சரி" என்று பதில் வந்தது. அந்தச் சின்ன வார்த்தையை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அவளைப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

காலையில் கார்க் கதவைத் திறந்தோம். அந்த வாசனையைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. பன்னீர் தெளித்து ஒரு சாக்கு டுரியான் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி இருந்தது.

குவாலா கிராய்க் கோவில் ரப்பர் மரங்களுக்கு நடுவில், தகரக் கூரை போட்டு, சின்னதாக இருந்தது. ஐயர் ரொம்ப நல்ல மனிதர். என்னைத் தனியாக விட்டிருந்தால் அவர் காலிலேயே விழுந்திருப்பேன், ஏனென்றால் அவர் சொன்னது இது. "முடி எடுக்கிறவர் திருவிழாவுக்குத்தாங்க வருவாரு."

"அடடா" என்றேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "சரி, என்ன பண்றது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"நான் எதுக்குடா இருக்கேன்?" என்றார் பெரியப்பா. பையைத் திறந்து ஷேவிங் பெட்டியை எடுத்தார்.

ரயில்வே டிக்கெட் கிழித்த கை. குழாயடியில் என்னை உட்கார வைத்து, தலையில் தண்ணீரை ஊற்றி ஆரம்பித்தார். பிரிக்பீல்ட்ஸ் அலை முதலில் போனது. "ஆடாதடா, ஆடாதடா" என்றுகொண்டே மூன்று இடத்தில் வெட்டிவிட்டார். அங்கங்கே பஞ்சு ஒட்டி, பஞ்சு தெரியாமல் சந்தனத்தை அப்பி, அம்மா எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். பக்கத்தில் புகை விடுகிற கார். முடியை எடுத்த பிறகு என் காது எவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அபிஷேகம் முடிந்து, தகரக் கூரைக்கடியில் பாய் விரித்து எலுமிச்சைச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தோம். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மேகலா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலையில் மல்லிகை. அந்த ஊரில் மல்லிகை கிடைக்காது, கோத்தா பாருவிலிருந்து சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும் என்று எப்போதோ போனில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பையன் பெண்ணைக் கோவிலுக்கு வரச் சொல்கிறான், அம்மாவும் பெரியம்மாவும் கூட வந்திருக்கிறார்கள் என்கிறான், எல்லாம் சரியாக வரும் என்கிறான். நம் ஆட்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்!

என்னைப் பார்த்தாள். தேடினாள் என்று சொல்ல வேண்டும், முதல் பார்வையில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பெரியம்மாவும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தார். அவளைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம். அதே நேரத்தில் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றும் இருந்தது.

"யாரும்மா நீ? வா, வந்து சாப்பிடு" என்றார் அம்மா.

மேகலா என்னைப் பார்த்தாள். அது நான் பேச வேண்டிய இடம். 'அம்மா, இதுதான் மேகலா' என்றால் போதும். நான் மூன்று பஞ்சும் சந்தனமுமாக, ஒரு கவளம் சாதத்தை எடுத்து வாய் நிறையப் போட்டுக்கொண்டேன்.

அவளே சொன்னாள். "இங்க ஸ்கூல்ல டீச்சர் ஆன்டி."

"தனியாவா இருக்க? பாவம். கல்யாணம்?"

"ஒரு இடம் வந்துருக்கு ஆன்டி. இன்னைக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும்."

"மாப்ள என்ன பண்றாரு?"

"ஈப்போல இன்ஜினியர்."

"அப்புறம் என்னம்மா யோசனை?" என்றார் பெரியம்மா.

"நல்ல இடமா வந்தா தட்டிவிடக் கூடாதும்மா. சரின்னு சொல்லிடு" என்றார் அம்மா. என்னைப் பெற்ற அம்மா.

மேகலா மெதுவாகச் சாப்பிட்டாள். முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடுங்க ஆன்டி என்று இலையைக் காட்டினாள். பசிக்காக இல்லை. எனக்கு நேரம் கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் இடையில் நிமிர்ந்து பார்த்தாள். கடைசியில் ஒரு வெளி ஆளிடம் கேட்பது மாதிரி, "நீங்க என்ன சொல்றீங்க, அண்ணே?" என்றாள்.

அண்ணே! ரோட்டில் வழி கேட்கிறவர்களை அழைக்கிற அண்ணே. பெரியப்பா, அம்மா, பெரியம்மா, ஐயர், வேலோடு முருகன், எல்லாரும் என் மொட்டையையே பார்க்கிறார்கள். சாதத்தை விழுங்கினேன். இந்தத் தலையோடு, டுரியான் நாறும் இந்தக் காரை வைத்துக்கொண்டு, ஈப்போ இன்ஜினியரை வேண்டாம் என்று சொல், என்னைக் கட்டிக்கொள் என்று எந்த வாயால் கேட்பது?

"அம்மா சொன்னா... சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கையைக் கழுவினாள். அம்மா காலைத் தொட்டு விபூதி வாங்கிக்கொண்டாள். மல்லிகை நசுங்க ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனாள். ரப்பர் மரங்களுக்கிடையே சத்தம் தேயும்வரை நான் பாயில் உட்கார்ந்தே இருந்தேன். "சாப்பிடுடா, என்ன பராக்குப் பாக்கிற?" என்றார் பெரியம்மா.

திரும்பும் வழியில், பெட்ரோல் போடும்போது மெசேஜ் வந்தது. "சரின்னு சொல்லிட்டேன். மொட்டை உனக்கு நல்லாத்தான் இருக்கு." கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். கண் சிவந்திருப்பதைப் பார்த்து, "டுரியான் சூடு" என்று பெரியப்பா வைத்தியம் சொன்னார்.

அதற்கப்புறம் எனக்கு வீட்டில் பெயரே அட்வான்ஸ் என்றாகிவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தப் போட்டோ வெளியே வரும். "டேய் அட்வான்ஸ், முருகன் சாமானை அனுப்பிட்டாரா?" என்று பெரியம்மா கேட்பார். "வழியில வண்டி சூடாயிருச்சு பெரியம்மா" என்பேன், எல்லாரும் உருண்டு சிரிப்பார்கள். எதற்குப் போனேன் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு நாற்பதை நெருங்குகிறது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ரயிலில் யாராவது மணிலா அட்டையோடு ஏறினால் இன்றைக்கும் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறேன்.

போன தீபாவளிக்கு எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அம்மா போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "அங்க ஒரு டீச்சர் பொண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்காடா? பட்டுப்புடவை கட்டிக்கிட்டு. நல்லாச் சிரிச்சுச்சு. பாத்ததுமே எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. உனக்குக் கேக்கலாம்னுதான் கல்யாணம் ஆச்சான்னு விசாரிச்சேன். அந்தப் பொண்ணுக்குத்தான் வேற இடம் வந்துருச்சாமே, என்ன பண்றது."

கேட்கத் தயாராக ஒரு அம்மா. வரத் தயாராக ஒரு பெண். கையில் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஒரு முருகன். மூன்று பேரும் ஒரே தகரக் கூரைக்கடியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறார்கள். வாயைத் திறக்க வேண்டிய ஒரே ஆளான நான் வாய் நிறைய எலுமிச்சைச் சாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.